பாசியும் சாமையும்

பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் பச்சைப் படலமே நம் நினைவுக்கு வருகிறது. அதனை உணவென்று கூறினால் முகஞ்சுளிப்போரே மிகுதி. ஆயினும் ஆப்பிரிக்காவின் சாடு ஏரிப்பகுதி மக்கள், நீரில் மிதக்கும் சுருள்பாசியை அரித்தெடுத்து, வெயிலில் அடையாக உலர்த்தி, குழம்பிலிட்டு நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். உலர்ந்த சுருள்பாசியில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதமே.

இதனை எளியோர் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவர முயன்ற தமிழக அறிவியலாளர் சி. வி. சேஷாத்ரி. 1995இல் மறைந்த அவருடைய தலைமையில், சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் மண்பானையிலேயே இதை வளர்க்க வழி கண்டது. நீரில் சமையல் சோடா, உப்பு, சிறிதளவு உரச்சத்து ஆகியவற்றைக் கரைத்து, விதைப்பாசியை இட்டு, வெயில்படும் இடத்தில் வைத்து, நாள்தோறும் பலமுறை கலக்கிவிட வேண்டும். காரத்தன்மை மிகுந்த அந்நீரில் பிற உயிரிகள் எளிதில் தலைகாட்டுவதில்லை. நீர் கரும்பச்சையானதும் துணியில் வடித்து, நன்னீரில் அலசி உலர்த்தலாம். குளத்துப் பாசியை அள்ளி உண்பதன்று இது. அவற்றுள் நஞ்சுடையவையும் உண்டு.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் சிற்றூர்களிலும் இப்பானைகளை வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சுருள்பாசி 30 முதல் 35 பாகை வெப்பத்தில்தான் செழிக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அம்மலைக் குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும். பானை தருவதோ நாளொன்றுக்குச் சில கிராம். அது சோற்றுக்குத் துணையாகலாம், சோறாகாது.

அம்மலையின் சோறு சாமையும் தினையும் கேழ்வரகும் ஆகும். சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியபின் அவை விளைந்த நிலம் சுருங்கிற்று. மரவள்ளி காசு தரும். புரதமோ அதில் மிகக் குறைவு. விலை ஒன்றே காரணமன்று. சாமையின் உமியை உரலிலிட்டுக் குற்றி நீக்கும் கடும் உழைப்பு முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. நியாயவிலைக் கடை அரிசிக்கு அத்தொல்லை இல்லை. 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கிகளை அமைத்ததோடு, தானியம் பதப்படுத்தும் பொறிகளையும் ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தது. பாசிப் பானையினும் அப்பொறியே அம்மலைக்கு முதல் தேவை என்பது நம் கருத்து.

பானையை நாம் தள்ளிவிடவில்லை. வெயிலுக்குக் குறைவில்லாத நாமக்கல், இராசிபுரம் போன்ற சமவெளி ஊர்களின் முற்றங்கள் அதற்கு ஏற்றவை. ஆங்கும் விதைப்பாசியை நம்பத்தகுந்த ஆய்வுக்கூடத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.