சயாம் போனவர்களுக்குப் பெயர் கூப்பிடுவது யார்?



பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடாமல் தோட்டத்தில் ஒரு நாளாவது வேலை தொடங்கியதுண்டா? செக்ரோலில் பெயர் ஏறினால்தான் அன்றைய சம்பளம். ஏறாவிட்டால் விடியற்காலை தொட்டு வெட்டிய பாலும் நம்முடையதல்ல, சிந்திய வேர்வையும் நம்முடையதல்ல. லயத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

யுத்த காலத்துக் கொடுமைகளை நாடுகள் நினைவில் வைப்பதும் ஏறக்குறைய இந்தச் செக்ரோல் கணக்கில்தான் நடக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தவனுக்குக் கல்லறை உண்டு, மலர்வளையம் உண்டு, சில சமயம் நஷ்டஈடும் உண்டு. பெயர் இல்லாதவனுக்கு என்ன உண்டு? இதற்குச் சாட்சி தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். நம் பாட்டன்மார் போட்ட சயாம் மரண இரயில் பாதையே போதும்.

ஆளைப் பிடித்த கதை

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடியிருந்தார்கள். ரப்பர் ஏற்றக் கப்பல் இல்லை. பால் வெட்டு நின்றது, சம்பளம் நின்றது, அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. பசித்த வயிற்றைத் தேடி ஆள் பிடிப்பவன் வந்தான்.

சயாமில் பான் போங் தொடங்கி பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் குடைந்து இரயில் பாதை போட வேண்டும். கப்பல் வழி ஆபத்தாகிவிட்டதால் பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குத் தரைவழியே சாமான் போக வேண்டியிருந்தது. முதலில் "நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் வீடு" என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் யாரும் போக முன்வரவில்லை. அப்புறம் வலைவீச்சுதான். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1943இல் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. யுத்தக் கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த மருத்துவர்களாவது இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. நம் சனத்துக்கு அதுவும் இல்லை. குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் குடிசை குடிசையாகச் செத்தார்கள்.

பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் வரை. பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எல்லாரும் அதில் உண்டு. மாண்டவர்கள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களில் மாண்டவர்கள் ஜப்பானியர் விட்டுச்சென்ற கணக்குப்படி சுமார் 30,000. பிரிட்டிஷார் போட்ட மதிப்பில் 40,000க்கு மேல்.

இரண்டு கணக்குக்கும் இடையே பத்தாயிரம் உயிர் நிற்கிறது, தோழர்களே! ஒரு கணக்கில் செத்தவர்கள், மற்றொரு கணக்கில் காணாமலே போனவர்கள்.

கல் யாருக்கு, காசு யாருக்கு?

இன்று காஞ்சனபுரிக்குப் போனால் யுத்தக் கைதிகளின் மயானம் பூங்காவைப் போல இருக்கும். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிய புல், வரிசை தப்பாத கல். பெயர் தெரிந்தவருக்கெல்லாம் பெயரும் வயதும் படையும் பொறித்திருக்கும். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் பட்டினி கிடந்து அடிபட்டுச் செத்தவர்கள்தான். படையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. பட்டியல் இருந்ததால் கல் இருக்கிறது.

நம்மவர்களுக்கு? 1990இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக் கூடுகள் குவியலாக வந்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்றார்கள். அதற்குமேல் அடையாளம் சொல்ல ஒரு துண்டுத் தாள் கிடையாது.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அந்தப் பாதையில் மாண்டவர்களுக்காகக் காஞ்சனபுரியில் 1944இலேயே நினைவுத் தூண் எழுப்பியது யார் தெரியுமா? பாதை போட்ட அதே ஜப்பானியப் படைதான். அந்த வளாகத்தில் தமிழிலும் எழுதி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது கஞ்சிக்கு வழி செய்யாதவர்கள், செத்த பிறகு தமிழில் அஞ்சலி எழுதினார்கள்! தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் எவரும் சொல்ல முடியாதபடி அந்தக் கல்லே சாட்சி.

யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் அந்தப் பாதையின் சயாம் பகுதியைத் தாய்லாந்து அரசுக்கு 5 கோடி பாட்டுக்கு விற்றார்கள். பாதைக்காக மலாயாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துப் போன தண்டவாளம், எஞ்சின் முதலான சாமான்களுக்கு ஈடாக அந்தப் பணம் போனது. ஆக, தண்டவாளத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. தண்டவாளம் போட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நேச நாட்டுக் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஏதோ கொடுக்க வழி செய்தது. ஆசியக் கூலிக்கு அதில் இடமில்லை. சீன மக்களைச் சலித்தெடுத்துக் கொன்ற கொடுமைக்காகச் சிங்கப்பூரில் 1963இல் மாபெரும் கூட்டம் கூடி 'இரத்தக் கடன்' கேட்டது. 1966இல் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர ஒப்புக்கொண்டது; பாதி மானியம், பாதி கடன். 1967இல் மலேசியாவுக்கு இரண்டு கப்பல்கள் என்று முடிவாயிற்று. அரசுக்குக் கப்பல் வந்தது. சயாமில் புருஷனைப் பறிகொடுத்து லயத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்ன வந்தது?

மறுப்பதிலும் பல வகை

நடந்ததே இல்லை என்று சாதிப்பது மட்டும் மறுப்பு அல்ல. சொல்லை மாற்றுவதும் மறுப்புத்தான். 1982இல் ஜப்பானியப் பாடப் புத்தகங்களில் 'படையெடுப்பு' என்பதை 'முன்னேற்றம்' என்று மாற்றச் சொன்னார்கள் என்று செய்தி வந்து ஆசியா முழுவதும் கண்டனம் கிளம்பியது. பாதிக் கதையைக் காட்டுவது இன்னொரு வகை. தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்துப் போர்க் காட்சியகத்தில் நுழைந்ததும் ஓர் இரயில் எஞ்சின் பளபளவென்று நிற்கிறது. சயாம்-பர்மா பாதையில் ஓடிய எஞ்சின்தான். 1979இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் வீடு திரும்பிவிட்டது!

ஜப்பானியர் எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1994இல் பிரதமர் முராயாமா சிங்கப்பூர் பீச் ரோட்டிலுள்ள யுத்த நினைவுத் தூணில் மலர்வளையம் வைத்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 15இல் ஜப்பானின் காலனி ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பாதையில் இராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தாகாஷி பிற்காலத்தில் நூறு தடவைக்கு மேல் தாய்லாந்து போய்ப் பிராயச்சித்தமாகத் தொண்டு செய்தார். ஒரு மனிதன் செய்ததை ஓர் அரசு செய்யத் தயங்கியது என்பதுதான் வழக்கு.

ஜெர்மனியைப் பாருங்கள். யுத்தம் முடிந்து 55 வருஷம் கழித்து, 2000இல், அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஒரு நிதி தொடங்கின. ஹிட்லர் காலத்தில் கட்டாய வேலை செய்தவர்களில் 16 லட்சம் பேருக்கு மேல் அதில் பணம் பெற்றார்கள். அங்கேயும் கூட, வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். பழைய பதிவேடுகளைத் துழாவி அத்தாட்சி எடுத்துக் கொடுக்க ஒரு காப்பகம் இருந்தது. மறுபடியும் பதிவேடு! நமக்கு எந்தப் பதிவேடு?

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

பிறத்தியாரைக் கேட்கிற கேள்வியை நம்மையும் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டபோது பெயர் கொடுத்தது யார்? பல தோட்டங்களில் கிராணிமாரும் தண்டல்மாரும்தான் பட்டியல் போட்டார்கள் என்றும், வேண்டாதவன் பெயர் முதலில் ஏறியது என்றும் பெரியவர்கள் மெல்லச் சொல்வார்கள். உயிருக்குப் பயந்து செய்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அதை நாம் வெளியே பேசுவதில்லை.

இன்னொன்று. 1943 அக்டோபர் 17இல் கொன்கொய்தாவில் பாதையின் இரு முனைகளும் சேர்ந்தன. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21இல், சிங்கப்பூர் கேத்தே மண்டபத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாக அந்தப் படையில் சேர்ந்தார்கள். நம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அது பெருமைதான், யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்தப் பெருமையைப் பேசிய மேடைகளில் சயாமைப் பேசினால் சங்கடம். சுதந்திரத்துக்குத் துணை நின்றவனும் சயாமுக்கு ஆள் பிடித்தவனும் ஒரே ஜப்பான்காரன். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு ஒன்றை விட்டுவிட்டோம். விட்டது கூலிக்காரன் கதையை.

எழுத்தாளர்கள் முழுவதும் விட்டுவிடவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்தன.

இன்னும் நேரம் இருக்கிறது

நான் குடியிருக்கும் ஆங் மோ கியோ இன்றைக்கு அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஊர். 1970களில் புது நகரம் எழும்பும் முன்னே இங்கேயும் கித்தா மரங்கள் நின்றன. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் வந்து உட்காரும் ஒரு பாட்டி, ஜொகூர் தோட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். "மொகம் தெரியாது தம்பி, பேரு தெரியும்" என்றார். எழுதிக்கொள்ளட்டுமா பாட்டி என்றேன். "எழுதுப்பா. இத்தனை வருசத்துல எந்தச் சர்க்காரும் கேக்கல, எந்தச் சங்கமும் கேக்கல" என்றார். அப்பா பெயர், தாத்தா பெயர், தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், கூடப் போன இருவர் பெயர் என்று ஒரு பக்கம் நிறைந்தது. அவருக்குப் பிறகு அந்தப் பக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை.

பீச் ரோட்டு நினைவுத் தூணில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது, தமிழும் ஒன்று. பிப்ரவரி 15 வந்தால் அங்கே அஞ்சலி நடக்கிறது. சிங்கப்பூர் ஆவணக் காப்பகம் ஜப்பானிய காலத்தை வாழ்ந்தவர்களின் வாய்மொழியை 1980களிலேயே ஒலிநாடாவில் பதிவு செய்யத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் போய்ப் பெயர் எடுப்பது அரசு செய்து முடிக்கிற வேலை அல்ல. தோட்டங்களே துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, சனம் பட்டணத்துக்குச் சிதறிவிட்டது. தோட்டத்தின் பெயரும் அழிந்த பிறகு ஆளின் பெயரை எங்கே தேடுவது?

ஆகவே சங்கக் கிளைகளுக்கும், கோயில் கமிட்டிகளுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். சயாம் போனவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன காலம், கூடப் போனவர், திரும்பினாரா இல்லையா, சொன்னவர் யார் என்று ஏழு கட்டம் போடுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். கதை கட்டி நிரப்பாதீர்கள். பொய் ஒன்று ஏறினால் மறுக்கிறவன் நோட்டு முழுவதையும் பொய் என்பான். தமிழரோடு போன மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் பெயர் கிடைத்தாலும் எழுதுங்கள். சாவுக்கு இனம் கிடையாது. ஒரு பிரதி கிளையில் இருக்கட்டும், ஒரு பிரதி ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும்.

மன்னிப்பு வருமா, நஷ்டஈடு வருமா என்பது அரசாங்கங்கள் பேசவேண்டிய விஷயம். நாளைக்கு அவர்கள் பேச உட்காரும்போது, "உங்கள் ஆட்கள் எத்தனை பேர்? பெயர் என்ன?" என்று கேட்டால் எடுத்து நீட்ட நம்மிடம் ஒரு செக்ரோல் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்தே தொடங்குங்கள்.