புத்தகம் கொடுத்தார்கள், பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள்

ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கு உதவ நினைப்பவர் முதலில் என்ன அனுப்புவார்? பாடப்புத்தகம், சீருடை, வகுப்பறை கட்டப் பணம். மூன்றுமே தேவையானவைதான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகளின் படிப்பில் என்ன மாறியது என்று பின்தொடர்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. மேற்குக் கென்யாவில், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா மாவட்டத்தில் அப்படிப் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் தொடங்கிய அந்த வேலையில் கிடைத்த விடைகள், நன்கொடை கொடுக்கும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

அந்த ஊர்ப் பள்ளிகள் எப்படி உருவாயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1963-இல் கென்யா விடுதலை அடைந்தபோது ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்று மக்களை அழைத்தார். எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்ற அழைப்பு அது. ஊரார் பணமும் உழைப்பும் போட்டுக் கட்டடம் எழுப்புவார்கள். ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கும். இப்படி ஏராளமான பள்ளிகள் முளைத்தன. விளைவாக அரசின் கல்விப் பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது. புத்தகம், சுண்ணாம்புக்கட்டி, தேர்வுக் கட்டணம் எல்லாம் பெற்றோர் தலையில் விழுந்தன. கட்டணம் கட்டாத பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சாதாரணமாக நடந்தது. இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உள்ளே வந்தன.

அவற்றில் ஒன்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஐசிஎஸ். அந்நாட்டு மக்கள் தரும் நன்கொடையைப் புசியா பள்ளிகளில் செலவிட்டது. உதவிக்கு ஏழு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கவிருந்த நேரத்தில், பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரேமர் ஒரு யோசனை சொன்னார். அவர் 1980-களில் பக்கத்து ககமேகா பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 14 பள்ளிகளைப் பட்டியலிடுங்கள், அவற்றில் ஏழு பள்ளிகளைக் குலுக்கலில் எடுங்கள், பிறகு இரு தரப்பையும் ஒப்பிடலாம் என்பதே யோசனை. பிள்ளைகளின் விஷயத்தில் குலுக்கலா என்று தோன்றலாம். எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லாதபோது, செல்வாக்குள்ள தலைமையாசிரியரின் பள்ளிக்கே உதவி போவதைவிட இது நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஏழு பள்ளிகளிலும் இலவசச் சீருடை, புத்தகம், புது வகுப்பறை வந்ததும் இடைநிற்றல் குறைந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், வகுப்புகள் நிரம்பின. சீருடைச் செலவுக்குப் பயந்து எத்தனை குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன என்பது அப்போது தெரிந்தது.

புத்தகத்தின் கதை வேறு. 100 பள்ளிகளைக் கொண்ட ஆய்வில் 25 பள்ளிகளுக்கு 1996-இல் பாடநூல்கள் கொடுக்கப்பட்டன. ஒரே புத்தகத்தைப் பல பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் படித்த இடங்கள் அவை. எனவே மதிப்பெண் உயரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சராசரி உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். காரணம், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. புசியா பிள்ளை வீட்டில் பேசுவது லுஹ்யாவோ டேசோவோ, அடுத்து சுவாஹிலி, ஆங்கிலம் மூன்றாவது மொழி. நைரோபியின் வசதியான வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய பாடம் அது. பக்கத்தைத் திறந்தும் வாசிக்க முடியாத பிள்ளைக்குப் புத்தகம் இருந்தும் இல்லாததுபோலத்தான். சுவரில் மாட்டும் விளக்கப்படங்களைப் பாதிப் பள்ளிகளுக்குக் கொடுத்து, 178 பள்ளிகளில் நடத்திய இன்னோர் ஆய்விலும் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.

பெரிய மாற்றம் கல்வியோடு தொடர்பே இல்லாததாகத் தெரியும் இடத்திலிருந்து வந்தது. புசியா, விக்டோரியா ஏரிக்கு அருகில் உள்ள ஈரமான நிலம். பிள்ளைகள் வெறுங்காலோடு நடப்பார்கள். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உடம்புக்குள் போகும். கைகழுவ வசதியில்லாத இடத்தில் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் மண்ணிலிருந்து வாய்க்கு வரும். ஏரியில் குளிப்பவர்களை நத்தைகள் வழியாகப் பரவும் வேறொரு புழு தொற்றும். இரத்தசோகையும் வயிற்றுவலியும் சோர்வும் உள்ள பிள்ளை பள்ளிக்கு எப்படி வரும்? 1998 முதல் 75 பள்ளிகளில் கட்டம் கட்டமாகப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளிடமும் புழு குறைந்தது, ஏனென்றால் மண்ணில் முட்டை விழுவதே குறைந்துவிட்டது. கிரேமரும் இன்னொரு பொருளாதார அறிஞரான எட்வர்ட் மிகுவலும் இதை 2004-இல் வெளியிட்டார்கள்.

தேர்வு மதிப்பெண் மட்டும் உயரவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல் வேறு ஆய்வாளர்கள் பழைய தரவுகளை மறுபடி கணக்கிட்டுச் சில பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தூரத்துப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற முடிவு வலுவிழந்தது. விவாதம் காரசாரமாக நடந்தது. அதே பிள்ளைகளை 20 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, சில ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் ஒரு மணி நேர வருமானம் 13% அதிகமாக இருந்தது. மலிவான ஒரு மாத்திரைக்கு இது பெரிய பலன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்க மாட்டார்கள், சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்ற பேச்சு தொண்டு உலகில் எப்போதும் உண்டு. சில பள்ளிகளில் மாத்திரைக்குச் சிறு கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். இலவசமாக இருந்த இடங்களில் 75% பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கட்டணம் வைத்த இடங்களில் 18% பேர்தான். அந்தப் பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. 2009-இல் கென்ய அரசே பள்ளிகளில் பூச்சி நீக்குவதைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டு முதல் சுற்றில் 36 லட்சம் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தது. இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் மென்று தின்னும் அல்பெண்டசோல்தான் புசியாவிலும் கொடுக்கப்பட்டது.

மாத்திரையை அரசு எடுத்து நடத்த முடிந்தது. ஆசிரியர் விஷயத்தில் அது நடக்கவில்லை. 2003-இல் கென்யா தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள், ஆனால் வகுப்பெடுக்க ஆள் போதவில்லை. உள்ளூரில் பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருந்தவர்களைப் பள்ளி நிர்வாகக் குழுவே ஒப்பந்தத்தில் அமர்த்தும் முறை மேற்குக் கென்யாவில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்தது. அதையே நாடு முழுவதும் கொண்டுபோகலாமா என்று 192 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியை வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனம் நடத்தியது, மற்றொரு பகுதியைக் கல்வி அமைச்சகம் நடத்தியது. திட்டம் ஒன்றுதான். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது, அமைச்சகம் நடத்திய பள்ளிகளில் அசையவில்லை. அரசுத் தரப்பில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமானது, மேற்பார்வை குறைவாக இருந்தது. ஆசிரியர் சங்கம் ஒப்பந்த முறையையே எதிர்த்தது. 2011-இல் வேலைநிறுத்தத்துக்குப் பின், நாடு முழுவதும் அமர்த்தப்பட்டிருந்த 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை நிரந்தரமாக்க அரசு ஒப்புக்கொண்டது. ஆசிரியர்களுக்கு அது நியாயமான வெற்றி. அமைச்சகத்தின் சோதனைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணோ, கூடுதல் ஆசிரியரே கிடைக்காத பள்ளிகளில் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது.