மேல்கை எலும்பு கூடுமா, கூடாதா? 6-வது வார எக்ஸ்ரே போடும் மார்க்!

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு உடைந்தால் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. பலருக்கு கையை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டாலே கூடிவிடும். ஆனா சிலருக்கு கூடாது. அது உறுதியாகவே ஆறு மாசம் ஓடிப்போகும். அதுவரை வலியும் போகாது, வேலைக்கும் போக முடியாது.

இதை முன்கூட்டியே கணிக்க, ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்டதுதான் 'ருஷு' ஸ்கோர்.

எப்படி மார்க் போடுகிறார்கள்?

அடிபட்டு 6 வாரம் கழித்து நேராக ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே. இரண்டிலும் சேர்த்து எலும்பின் நான்கு ஓரங்களும் தெரியும். முறிவைச் சுற்றி உடம்பு தானாகவே வளர்க்கும் புது எலும்புக்கு 'காலஸ்' என்று பெயர். ஒரு ஓரத்தில் அது இல்லவே இல்லைன்னா 1 மார்க். வளர்ந்திருக்கு, ஆனா இரண்டு துண்டையும் இணைக்கலைன்னா 2. பாலம் மாதிரி இணைத்துவிட்டால் 3. ஆக, குறைந்தது 4, அதிகபட்சம் 12.

8-க்குக் கீழே வந்தால் எலும்பு கூடாமல் போகும் ஆபத்து அதிகம். பிளேட் வைப்பது பற்றி அப்போதே பேசலாம்.

அதற்காக எடுத்ததும் ஆபரேஷனா? மணிக்கட்டைத் தூக்க உதவும் ரேடியல் நரம்பு இந்த எலும்பை ஒட்டியே ஓடுகிறது. தேவையில்லாமல் கத்தி வைக்க டாக்டர்கள் தயங்குவது அதனாலும்தான். எனவே மார்க்கோடு, முறிந்த இடம் இன்னும் ஆடுகிறதா என்று கையையும் தொட்டுப் பார்ப்பார்கள். வலி குறைஞ்சிடுச்சேன்னு 6-வது வார எக்ஸ்ரேவைத் தள்ளிப்போட வேண்டாம்.