அந்தப் பாட்டை நானும் பாடியிருக்கிறேன்

ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒரு மூலை மேசை உண்டு. தொலைக்காட்சி நேராகத் தெரியும், மின்விசிறிக் காற்றும் வரும். உயர்நிலைப் பள்ளி நாள்களிலிருந்தே நாங்கள் ஆறு பேர் லிவர்பூல் ஆட்டம் பார்த்தது அங்கேதான்.

2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் சிங்கப்பூர் நேரப்படி பின்னிரவு 2.45 மணிக்குத் தொடங்கியது. இடைவேளையில் ஏசி மிலான் 3-0 என முன்னிலை. எங்களில் இருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு நண்பன்தான் அவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். லிவர்பூல் மூன்று கோலையும் திருப்பிப் போட்டு பெனால்டியில் கிண்ணத்தை வென்றபோது, அவன் என் தோளில் முகம் புதைத்து அழுதான். நானும்தான்.

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அவன் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரவு வேலை என்றான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். நாங்கள் நம்பினோம். நம்பினோம் என்பதைவிட, மேற்கொண்டு கேட்கவில்லை என்பதே சரி.

செல்சியுடன் மோதும் இரவுகளில் ஒரு பாட்டு உண்டு. அந்தக் குழுவின் ஆட்டக்காரர்களையும் ரசிகர்களையும், பணத்துக்காக ஆண்களிடம் போகும் பையன்கள் என்று ஏசுகிற கோஷம் அது. இங்கிலாந்தில் லிவர்பூல் ரசிகர்கள் மட்டுமல்ல, பல கிளப்புகளின் ரசிகர்களும் பாடிவந்தார்கள். தொலைக்காட்சியில் கேட்டுப் பழகி நாங்களும் மேசையைத் தட்டித் தட்டிப் பாடுவோம். தொடக்கத்தில் அதன் பொருள் எனக்குப் பாதிதான் தெரியும். முழுதும் தெரிந்த பிறகும் பாடினேன்.

2021 ஆகஸ்ட் 14ஆம் தேதி, பருவத்தின் முதல் ஆட்டத்தில் லிவர்பூல் நார்விச் நகரில் 3-0 என்று வென்றது. செல்சியிலிருந்து நார்விச்சுக்கு இரவலாக வந்திருந்த இளம் ஆட்டக்காரர் பில்லி கில்மரை நோக்கி எங்கள் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே கோஷத்தை எழுப்பினர். கிளப் உடனே கண்டித்தது. கண்டன அறிக்கைகள் வழக்கமாக வருவதுதான். ஆனால் அதன்பிறகு நடந்தது வழக்கமானதல்ல. நிர்வாகி யர்கன் கிளோப், லிவர்பூலின் தன்பாலின ஈர்ப்பாளர் ரசிகர் குழுவான ‘கோப் அவுட்ஸ்’ அமைப்பின் நிறுவனருடன் காணொளி வழி உட்கார்ந்து பேசினார். அந்த உரையாடலைக் கிளப்பே வெளியிட்டது. இது எங்கள் பாட்டு என்று சிலர் சொல்லலாம், இனி அது நம் பாட்டு இல்லை என்ற பொருளில் பேசினார் கிளோப். அப்படியொன்றும் உலகிலேயே சிறந்த பாட்டும் இல்லை, எளிதில் விட்டுவிடலாம் என்றும் தமக்கே உரிய குறும்போடு சேர்த்துக்கொண்டார்.

கிளோப் எது பேசினாலும் நண்பர்களுக்கு அனுப்பிவைப்பது என் பழக்கம். அந்தக் காணொளியை அவனுக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, “சந்திக்கலாமா?” என்று ஒரே வரி.

ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்தபடியே சொன்னான். தான் ஓரினச் சேர்க்கையாளர் என்பதை வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் வருவதை நிறுத்தினாய் என்று பதின்மூன்று ஆண்டு தாமதமாகக் கேட்டேன்.

“பாட்டு மட்டும்னா காதுல வாங்காம இருந்திருப்பேன்டா. பாடி முடிச்சதும் பக்கத்துல இருக்கிறவன் தோளத் தட்டிச் சிரிப்பீங்கல்ல, அப்ப நானும் சிரிக்கணும். சிரிக்கலைன்னா ஏன்னு கேப்பீங்க. தொண்ணூறு நிமிஷமும் என் கண்ணு டிவில இருக்காது, உங்க மூஞ்சிலதான் இருக்கும்.”

வீட்டில் ஒலியைக் குறைத்துவைத்துத் தனியாக ஆட்டம் பார்க்கிறானாம். 2020ல் முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு லிவர்பூல் லீக் பட்டம் வென்றதையும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

அதன்பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1981ல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கிளப் ஜஸ்டின் ஃபஷானுவை 1 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலை பெற்ற முதல் கறுப்பின பிரிட்டிஷ் ஆட்டக்காரர் அவர். 1990ல் தாம் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். கேலியும் புறக்கணிப்பும் அவரைத் துரத்தின. 1998ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 37. பிரிட்டனில் நிபுணத்துவக் காற்பந்து ஆடிக்கொண்டே அப்படி அறிவித்த அடுத்த ஆண், பிளாக்பூல் கிளப்பின் 17 வயது ஜேக் டேனியல்ஸ். அது நடந்தது 2022 மே மாதம். இடையில் 32 ஆண்டுகள். பெண்கள் காற்பந்தில் பல முன்னணி வீராங்கனைகள் இதை ஒளிக்காமலே ஆடிவருகிறார்கள். ஆண்கள் பக்கம்தான் இந்த இறுக்கம்.

ரசிகர்கள் பக்கம் மாற்றம் சற்று முன்பே தொடங்கியது. 2013ல் ஆர்சனல் ரசிகர்கள் ‘கே கூனர்ஸ்’ என்ற குழுவை அமைத்தார்கள். அடுத்தடுத்து நார்விச், டோட்டன்ஹம், லிவர்பூல் என்று பல கிளப்புகளிலும் இத்தகைய குழுக்கள் உருவாயின. இவற்றை வெறும் கொடி பிடிக்கும் கூட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிளப்போடு உட்கார்ந்து பேசி, அரங்கில் என்ன நடக்கிறது என்று எடுத்துச் சொல்வது இவர்கள் செய்யும் முக்கிய வேலை. பல அரங்கங்களில் இப்போது இருக்கையில் இருந்தபடியே குறுஞ்செய்தி அனுப்பிப் புகார் செய்யலாம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் பின்வரிசையில் கத்துகிறவனை எழுந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டு, மீதி ஆட்டம் முழுக்க அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

சட்டமும் துணைக்கு வந்தது. செல்சிக்கு எதிரான அந்தக் கோஷத்தை வெறுப்புக் குற்றமாகக் கருதலாம் என்று 2022 ஜனவரியில் இங்கிலாந்தின் அரசு வழக்குத்தொடுப்பு அமைப்பு தெளிவுபடுத்தியது. ரசிகர்கள் அதைப் பாடினால் கிளப் மீதே நடவடிக்கை பாயலாம் என்று 2023 ஜனவரியில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் எச்சரித்தது.

இதையெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். நண்பனைப்பற்றி மூச்சுவிடவில்லை. அப்படியிருந்தும் சண்டை வந்தது. “பந்தாட்டம்னா கிண்டல் இருக்கத்தான் செய்யும், அதுக்கெல்லாம் சட்டமா?” என்றான் ஒருவன். அவன் ஒன்றும் கெட்டவனில்லை. என் கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்து வேலை செய்தவன்.

அவனுக்கு ஜான் பார்ன்ஸை நினைவூட்டினேன். 1988ல் எவர்ட்டன் அரங்கில் லிவர்பூலின் அந்தக் கறுப்பின நட்சத்திரத்தை நோக்கி வாழைப்பழம் வீசப்பட்டது. அதை அவர் பின்னங்காலால் ஒதுக்கித் தள்ளும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. அன்று அதுவும் கிண்டல் என்றுதான் சொல்லப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? பள்ளியில் நம் நிறத்தையும் தலையில் தேய்த்த எண்ணெயையும் கேலி செய்துவிட்டு, “சும்மா ஜோக்குதான்லா” என்றவர்களை நாம் மறந்துவிட்டோமா? நாமும் அப்போது சிரித்துத்தானே வைத்தோம்? அவன் பதில் எழுதவில்லை. நீல நிற இரட்டை டிக் மட்டும் விழுந்தது.

கிளப்புகளை நான் அப்படியே நம்பிவிடவும் இல்லை. எங்கள் அணித்தலைவர் ஜோர்டன் ஹெண்டர்சன் வானவில் நிறக் கைப்பட்டை அணிந்து ஆடியவர், தன்பாலின ஈர்ப்பாளர் ரசிகர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 2023 ஜூலையில் அவர், ஓரினச் சேர்க்கை குற்றமாகக் கருதப்படும் சவூதி அரேபியாவின் அல்-எத்திஃபாக் கிளப்புக்குப் போனார். அந்தக் கிளப் வெளியிட்ட வரவேற்புக் காணொளியில் அவருடைய கைப்பட்டையின் வானவில் நிறம் சாம்பலாகியிருந்தது. ஆறு மாதங்களில் அவர் அங்கிருந்து விலகி அயாக்சில் சேர்ந்தார் என்பது வேறு கதை. அன்று நண்பனுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லப் போனேன். “விடுடா, அவரு மேல எனக்குக் கோபமில்ல. அவரு எனக்கு யாரு? நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க” என்றான்.

இங்கே நாடாளுமன்றம் 377ஏ சட்டப்பிரிவை 2022 நவம்பர் 29ஆம் தேதி நீக்கியது. 2023 ஜனவரி 3 முதல் அது நடப்புக்கு வந்தது. இனியாவது வாயேன் என்று அழைத்தேன். பார்க்கலாம் என்றான். அந்த “பார்க்கலாம்” இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்தது.

2025 ஏப்ரல் 27ஆம் தேதி டோட்டன்ஹமை 5-1 என்று தோற்கடித்து லிவர்பூல் மீண்டும் பட்டம் வென்றது. அடுத்த ஞாயிறு, மே 4ஆம் தேதி, செல்சியுடன் அவர்கள் திடலில் ஆட்டம். நமக்கு இரவு 11.30 மணி. “செல்சி ஆட்டத்துக்கே வர்றேன்” என்றான். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தானா என்று கேட்கத் துணியவில்லை.

வந்தான். வெளியே போக வசதியான ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். என் கல்யாணத்துக்கு வேலை செய்தவன் அன்று வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தான். உண்மையாகவும் இருக்கலாம். மூன்றாவது நிமிடத்திலேயே செல்சி கோல் போட்டது. மேசையில் யாரும் பாடவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் இரண்டு இளையர்கள் அந்தக் கோஷத்தின் முதல் வார்த்தையை எடுத்தார்கள். நான் எழ நினைப்பதற்குள், எங்களில் எப்போதும் வாய் திறக்காதவன் திரும்பி, “தம்பி, இங்க வேணாம்பா” என்றான். அவர்கள் புரியாமல் பார்த்தார்கள், பிறகு கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார்கள்.

இடைவேளையில் நண்பன் ஒரு தே ஓ கோசோங் வாங்கிக்கொண்டு வந்தான். ஓர நாற்காலிக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு எங்கள் சொந்த கோல் ஒன்று, 85ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் முட்டிப் போட்ட கோல் ஒன்று. அதற்கு அவன் எழுந்து கத்திய கத்தலில் காப்பிக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். கடைசியில் பெனால்டி கொடுத்து 3-1 என்று தோற்றோம்.

“இருபது வருசமாகியும் நம்ம தற்காப்பு மட்டும் திருந்தவே இல்லடா” என்றபடி எழுந்தான். அடுத்த ஞாயிறு ஆர்சனலுடன் ஆட்டம். எத்தனை மணிக்கு என்று கேட்டான்.