விரியன் கடியும் பிட்யூட்டரிச் சுரப்பியும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர்)

'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்னும் முதுமொழி பிட்யூட்டரிச் சுரப்பிக்கு முற்றிலும் பொருந்தும். மூளையின் அடியில், மண்டையோட்டு எலும்பின் சிறு குழியொன்றில், பட்டாணி அளவில் அமைந்துள்ள இதன் எடை ஏறத்தாழ அரை கிராம். ஆயினும் தைராய்டு, அட்ரீனல், விந்தகம், சூலகம் ஆகிய சுரப்பிகளுக்கு ஆணையிடுவது இதுவே. குழந்தையின் வளர்ச்சிக்கும் தாயின் பால் சுரப்புக்கும் வேண்டிய ஹார்மோன்களைத் தருவதும் இதுவே. இத்தலைமைச் சுரப்பி செயல் குன்றினால் என்ன நேரும்? பூதப்பாண்டியையும் அதைச் சுற்றியுள்ள ஏலாக்களையும் அறிந்த நாம் இதைத் தெரிந்துகொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு.

காரணங்கள்

சுரப்பியில் தோன்றும் கட்டி, அக்கட்டிக்குச் செய்யும் அறுவை அல்லது கதிர்வீச்சு மருத்துவம், தலையில் பலத்த அடி, காசநோய் போன்ற தொற்றுகள், பிறவிக் குறை ஆகியவை இக்குறைபாட்டுக்குக் காரணங்களாகும். மற்றொரு காரணம் பேறுகாலப் பெரும் உதிரப்போக்கு. கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருத்துவிடுகிறது. அந்நிலையில் இரத்தம் பெருமளவில் வெளியேறி இரத்த அழுத்தம் வீழ்ந்தால், சுரப்பிக்கு இரத்தம் எட்டாமல் அதன் திசுக்கள் மடிகின்றன. 1937-இல் இதனை விளக்கிய ஆங்கில மருத்துவர் ஷீஹான் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. மருத்துவமனைப் பேறு பெருகிய இடங்களில் இது அருகிவிட்டது. ஆனால் காஷ்மீரில் நடந்து, 2005-இல் வெளிவந்த ஆய்வொன்று, குழந்தை பெற்ற பெண்களில் நூற்றுக்கு மூவர் அளவில் இது இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள்.

வயல்வெளி தரும் காரணம்

நம் நாஞ்சில் நாடு கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளையும் நெல் நாடு. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு; எலி உள்ள இடத்தில் கண்ணாடி விரியன் உண்டு. மலையாளத்தில் 'அணலி' எனப்படும் இப்பாம்பு வரப்பிலும் வைக்கோலிலும் சுருண்டு கிடக்கும். இருட்டில் மிதித்தவரைக் கடித்துவிடும்.

இதன் நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தூண்டிவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் தோன்றுகின்றன. உறைவதற்கான பொருள்கள் தீர்ந்துபோகவே, பிறகு இரத்தம் உறையாமல் கசியத் தொடங்குகிறது. இவ்விரண்டாலும் பிட்யூட்டரி தாக்கப்படலாம். ஷீஹான் தாய்மாரிடம் கண்ட அதே அழிவு, ஆண் பெண் பேதமின்றி உழவரிடமும் நேர்கிறது! பர்மிய மருத்துவர்களும் டேவிட் வாரல் முதலிய ஆங்கில மருத்துவர்களும் இதைப் பர்மாவில் ஆராய்ந்து 1987-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இத்தகைய நோயாளிகள் காணப்பட்டுள்ளனர். கடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. கடுமையாக நஞ்சேறியவர்களில் சிலருக்கே வருகிறது.

அறிகுறிகள்

சிலருக்குக் கடிபட்ட சில நாட்களிலேயே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் திடீரென வீழும். வேறு சிலரோ பிழைத்து வீடு திரும்பி, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தே மெலிவடைவர். ஓயாத களைப்பு, பசியின்மை, குளிர் தாங்காமை, எழுந்தால் மயக்கம், அக்குள் முடி உதிர்தல், ஆண்களுக்கு மீசை தாடி குறைதல், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்றல் ஆகியவை தோன்றும். பாம்பு கடித்தது பழங்கதையாகிவிட்டதால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. நேற்றுவரை ஏர் பிடித்தவரைச் 'சோம்பேறி' என்பார்கள். 'செய்வினை' என்று மந்திரவாதியிடம் அழைத்துச் செல்வாரும் உண்டு. உண்மையில் அவருக்குக் குறைவது ஊக்கமன்று, ஹார்மோனே.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. பிட்யூட்டரி பழுதானால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு மட்டும் பார்த்தால் அது சரியாக இருப்பது போலவே தோன்றலாம். தைராக்சின், காலைநேரக் கார்டிசால் ஆகியவற்றையும் அளந்தால்தான் உண்மை புலப்படும்.

மருத்துவம்

அழிந்த சுரப்பியை மீட்க இயலாது. ஆனால் அது தரத் தவறியதை நாம் வெளியிலிருந்து தரலாம். முதலில் ஹைட்ரோகார்டிசோன் போன்ற மருந்து, அதன் பின்னரே தைராக்சின் என்னும் வரிசை மிக இன்றியமையாதது. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தேவைக்கேற்ப ஆண், பெண் ஹார்மோன்களும் தரப்படும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு முன்னர் இறந்தோரின் சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் எடுக்கப்பட்டது. அதனால் கொடிய மூளைநோய் பரவியது தெரிந்து 1985-இல் பல நாடுகள் அதை நிறுத்தின. இன்று மரபணுப் பொறியியலால் செய்யப்படும் ஹார்மோனே பயன்படுகிறது.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. நலமாக இருக்கிறோமே என்று தாமாக நிறுத்தலாகாது. காய்ச்சல், அறுவை போன்ற நேரங்களில் ஹைட்ரோகார்டிசோனின் அளவை மருத்துவர் சொன்னபடி கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் உடனே ஊசி தேவைப்படும்.

நாம் செய்யத்தக்கவை

பாம்பு கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகிய யாவும் தீங்கானவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மருத்துவமனைக்கு விரைவதே வழி. நஞ்சுமுறி மருந்தை எவ்வளவு விரைவில் செலுத்துகிறோமோ அவ்வளவுக்கு நன்று. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் தமிழக அரசும் அதனைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

நம் ஊரில் விரியன் கடித்துப் பிழைத்தவர் யாரேனும் இன்று காரணமின்றித் தளர்ந்திருந்தால், அவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பழைய கடியையும் மருத்துவரிடம் மறவாது கூறுவோம். வகுப்பறையில் கற்ற நாளமில்லாச் சுரப்பிப் பாடம் ஓர் உழவரை மீண்டும் வயலில் இறங்கச் செய்யுமானால், அதைவிடச் சிறந்த தேர்ச்சி வேறேது?