பாட்டும் நினைவும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் விடுதியில் ஒரு சச்சரவு எழுந்தது. பொதுக்கூடத்தில் இருப்பதோ ஒரே ஒலிபெருக்கி. சனிக்கிழமை இரவில் அதில் யாருடைய பாட்டு ஒலிப்பது என்பதே வழக்கு. தமிழ் மாணவர் சிலர் இளையராஜாவின் பாட்டு வேண்டும் என்றோம். ஷில்லாங்கிலிருந்து வந்த என் அறைத் தோழர் ராக் இசை வேண்டும் என்றார். "அது இசையா? வெறும் இரைச்சல்!" என்றேன் நான். அவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார். சொல் வளர்ந்தது, நட்பு தேய்ந்தது. ஒரே அறையில் இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம்.

அந்த இரண்டு வாரத்தின் முடிவில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பிடித்த பாட்டைப் பற்றி வாதம் செய்தால் பகை வளரும். அதனோடு வந்த நினைவைச் சொன்னால் நட்பு வளரும். இது ஏன் என்று அறிய வேண்டுமானால், ராக் இசை என்பது யாது, பாட்டு நினைவை எழுப்புவது எவ்வாறு என்னும் இரண்டையும் சிறிது ஆராய வேண்டும்.

ராக் இசை என்பது யாது?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் துயரத்திலிருந்து வளர்த்தது புளூஸ் பாட்டு. அவர்களுடைய தேவாலயப் பாட்டும், நாட்டுப்புறத்து வெள்ளையரின் கன்ட்ரி பாட்டும் அதனோடு கலந்து பிறந்ததே ராக். 1954 இல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே சக் பெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞர் புகழ் பெற்றார். அவர் 1958 இல் வெளியிட்ட 'ஜானி பி. கூட்' என்னும் பாட்டு, 1977 இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் இடம் பெற்றது. நம் கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானிப் பாட்டும் அதே தட்டில் இருக்கிறது. நாம் ஒரு பொதுக்கூடத்தில் பகிர்ந்துகொள்ள மறுத்த இடத்தை, அவ்விரண்டும் ஒரு தட்டில் பகிர்ந்துகொண்டு விண்வெளியில் செல்கின்றன!

இவ்விசையின் உயிர் இரண்டு. ஒன்று தாளம். நான்கு தட்டுகளில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். கேட்பவர் கால் தானே ஆடும். மற்றொன்று மின் கிடார். அதன் எஃகுக் கம்பியின் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றும். அதைக் கருவி பெருக்கித் தரும். அளவுக்கு மீறிப் பெருக்கினால் ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்பைக் குறையென்று தள்ளாமல் அழகாக்கிக்கொண்டனர் ராக் கலைஞர். நான் இரைச்சல் என்று ஏசியது இதனைத்தான்.

ராக் பிறந்த 1954 ஆம் ஆண்டிலேயே கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலியும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவரை கூடத்தில் பெற்றோர் நடுவில் அமர்ந்து கேட்ட இளைஞர், பின்னர்த் தம் அறையிலும் கடற்கரையிலும் நண்பரோடு கேட்டனர். எனவே ராக் தொடக்கத்திலேயே நட்போடு பிணைந்த இசையாயிற்று. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்திய பின், கேட்டவர் தாமே பதிவு செய்து பிறருக்குக் கொடுக்கவும் வழி பிறந்தது.

நம் நாட்டிலும் அது வேர்விட்டது. 1968 இல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் தங்கிப் பல பாட்டுகளை இயற்றினர். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் சிம்லா பீட் என்னும் போட்டியின் இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவற்றுள் ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் குழுவும் இடம் பெற்றது. அதே ஷில்லாங்கில் லூ மஜாவ் என்னும் பாடகர், பாப் டிலனின் பிறந்தநாளாகிய மே 24 ஐ 1972 முதல் ஆண்டுதோறும் பாடிக் கொண்டாடி வருகிறார். டிலனுக்கு 2016 இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தபோது உலகம் வியந்தது. ஷில்லாங்கோ அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகட்கு முன்பே அவருக்கு விழா எடுக்கத் தொடங்கிவிட்டது.

நினைவு எழுவது எவ்வாறு?

முதுமையில் ஒருவரை வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நிகழ்ந்தவையே மிகுதியாக வரும். உளநூலார் இதனை நினைவின் மேடு என்று கருதத்தக்க பெயரால் குறிப்பர். முதல் பிரிவு, முதல் நட்பு, முதல் தோல்வி எல்லாம் நேரும் பருவம் அது. அப்பொழுது கேட்ட பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது.

கலிபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா என்னும் அறிஞர், மாணவர்களுக்கு அவர்கள் சிறுவயதில் கேட்டிருக்கக்கூடிய பாட்டுகளை ஒலிக்கச் செய்து மூளையின் இயக்கத்தைப் படமெடுத்தார். பாட்டு பழைய நினைவை எழுப்பியபோது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி மிகுதியாக இயங்கக் கண்டு, 2009 இல் வெளியிட்டார். மறதி நோயில் மூளை சுருங்கும்போது இப்பகுதி பிற பகுதிகளினும் காலந்தாழ்ந்தே கெடுகிறது. பிள்ளையின் பெயரை மறந்தவரும் பழைய பாட்டைப் பாடுவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது அவர் கருத்து.

இதனினும் வியப்பானது 2013 இல் கரோல் கிரம்ஹன்சல் என்னும் அம்மையாரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் கண்டது. இருபது வயது மாணவர்களுக்குத் தம் காலத்துப் பாட்டுகள் மட்டுமல்ல, தம் பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகளும் நெஞ்சில் தனியிடம் பெற்றிருந்தன! வீட்டில் ஒலித்த பாட்டு, பிள்ளைக்கும் சொத்தாகிறது.

அந்த இரவு

இனி என் கதைக்கு வருகிறேன். ஓர் இரவு மின்சாரம் நின்றது. இருட்டில் என் தோழர் தம் கைப்பேசியில் டிலனின் பாட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் வைத்தார். நான் வாய் திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவரே சொன்னார்: "என் தந்தை வாடகைக் கார் ஓட்டினார். குவாஹாட்டிக்கும் ஷில்லாங்குக்கும் போகும்போது பள்ளி விடுமுறையில் என்னையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொள்வார். மலை ஏறும்போது இந்தப் பாட்டுத்தான். அவர் போய் மூன்று ஆண்டு ஆகிறது."

இரைச்சல் என்று நான் சொன்னது எதை என்று அப்போது உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. என் தந்தை ஞாயிறு காலையில் ஸ்கூட்டரைத் துடைக்கும்போது ஒரு பழைய கேசட்டைப் போடுவார். அதில் 'ஹோட்டல் கலிபோர்னியா' என்னும் ஈகிள்ஸ் குழுவின் பாட்டு இருந்தது. ராக் வேண்டாம் என்று சண்டையிட்ட எனக்கு அதன் கிடார் மெட்டு முழுதும் மனப்பாடம்! கேசட்டின் மேலிருந்த கையெழுத்து மட்டும் அப்பாவுடையதன்று.

மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. "திருச்சியில படிக்கும்போது என்கூட ரூம்ல இருந்தவன் பதிஞ்சு கொடுத்ததுப்பா" என்றார். பிறகு அரைமணி நேரம் அந்த நண்பரைப் பற்றியே பேசினார். இத்தனை ஆண்டுகளில் அவரைப் பற்றி அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அன்று மாலையே அப்பா பரண்மேல் ஏறிப் பழைய முகவரிப் புத்தகத்தைத் தேடினார் என்று அம்மா சொன்னார்.

நாம் செய்யத்தக்கது

இப்பொழுது நம் விடுதியில் சனிக்கிழமை வழக்கு இல்லை. ஒருவர் ஒரு பாட்டு மட்டும் கொண்டுவருவார். முதலில் அதை எங்கே கேட்டார், யாரோடு கேட்டார் என்று சில சொற்களில் சொல்வார். பிறகு பாட்டு ஒலிக்கும். எது சிறந்தது என்று எவரும் மதிப்பெண் இடுவதில்லை. இளையராஜாவும் வந்தார், டிலனும் வந்தார், போஜ்புரி நாற்றுநடவுப் பாட்டும் வந்தது.

நண்பர்களே! வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம். நினைவின் மேடு எழும் வயதிலேயே இருக்கிறோம். இன்று பக்கத்து அறையில் ஒலிக்கும் பாட்டு, முப்பது ஆண்டுகட்குப் பின் நம் நெஞ்சில் ஒலிக்கப் போகிறது. அதனோடு ஒரு சண்டை ஒலிக்க வேண்டுமா, ஒரு தோழரின் முகம் தோன்ற வேண்டுமா என்பது இன்று நம் கையில் உள்ளது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் பெற்றோரிடமும் ஒரு பாட்டைக் கேட்டு வாருங்கள்.