யானைக்கு முன்னால் ஒரு கறுப்புப் பலகை

செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள். செல்போனை சைலண்டில் போடுங்கள். முக்கியமாக, ஃபேன் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். இருக்கிறது, போட மாட்டார்கள்! கோவை போத்தனூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடியறை. வெளியாட்களை லேசில் உள்ளே விடமாட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி நுழைந்தாச்சு. வாங்க, ஓரமாக நின்றுகொள்வோம்.

மேஜையைப் பாருங்களேன்! சால்டரிங் அயர்ன், பாதி தின்ற தேங்காய் பன், முறுக்கு டப்பா நிறைய ஸ்குரூ. நடுவில், மூடி கழன்ற தெர்மல் கேமராக்கள்; வெளிச்சத்தை அல்ல, சூட்டைப் படம் பிடிப்பவை. லென்ஸைப் பார்த்தால் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. "கண்ணாடி இல்லீங், ஜெர்மானியம்" என்கிறார் மேஜைக்குப் பின்னாலிருக்கும் தம்பி. சாதாரணக் கண்ணாடி வெப்பக் கதிரை உள்ளே விடாதாம். அவர் தன்னையே கேமராவில் காட்டுகிறார்: முகம் வெள்ளை வெளேரென்று ஜொலிக்க, மூக்குக்கண்ணாடி மட்டும் கன்னங்கரேல். அறையே சிரிக்கிறது.

இப்போது புதுசு ஒன்றை லேப்டாப்பில் மாட்டுகிறார். ஆவலாக எட்டிப் பார்த்தால், அடடா, இதென்ன கண்றாவி! படம் முழுக்கக் கோடும் புள்ளியும். 640-க்கு 480 என்றால் 3,07,200 பிக்சல்கள். ஒரே சூட்டைக் காட்டினாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. எது கூடச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் எழுதி கேமராவுக்குள் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் இத்தனை வேர்வை.

எப்படி எழுதுகிறார்கள்? ஒரு கறுப்புப் பலகையைக் காட்டித்தான்! மூலைக்கு மூலை ஒரே சூடாக இருக்கும் பலகை. கேமரா அதையே வெறித்துப் பார்க்கிறது. பிறகு பலகையின் சூட்டை ஏற்றி, மறுபடி அதே வெறிப்பு. இரண்டு சூட்டிலும் படம் சமமாக வந்தால்தான் பாஸ். காற்றடித்தால் பலகையில் ஒரு பக்கம் குளிர்ந்துவிடும். ஃபேனுக்குத் தடை வந்தது அதனால்தான். எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. "ஏனுங்ணா, கொஞ்சம் நகருங். உங்க சூடும் சேந்து விழுகுது!" இதைவிட மரியாதையாக யாரும் என்னை ஓரங்கட்டியதில்லை.

சில பிக்சல்கள் என்ன செய்தாலும் திருந்தாது. அவற்றைத் தனிப் பட்டியலில் போட்டு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரியால் ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். பார்க்கிற நமக்கு ஒன்றும் தெரியாது.

டக்! பயப்படாதீர்கள், உள்ளே ஷட்டர் மூடித் திறந்த சத்தம்தான். வேலைக்குப் போன பிறகும் கேமரா அவ்வப்போது கண்ணை மூடி, ஷட்டரையே பலகையாக வைத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் படம் ஒருதரம் உறைந்து ஓடுகிறது.

அடுத்தது குறும்பு. ஒரு கேமராவின் திருத்த ஃபைலை வேண்டுமென்றே இன்னொன்றில் ஏற்றுகிறார் தம்பி. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்ட கதைதான், திரையெல்லாம் கலங்கல். "அதது ஃபைல் அததுக்குத்தானுங்" என்று சிரித்துக்கொண்டே, கேமரா நம்பரை ஃபைலின் பெயரில் இன்னொரு தடவை சரிபார்க்கிறார். சரியான ஃபைல் ஏறியதும், ஆகா! திரை துடைத்துவிட்டாற்போல் தெளிகிறது. அந்த நேரம் பார்த்துக் காபி வருகிறது. திரையில் காபி வெள்ளையாக மின்ன, கை சுடும் எவர்சில்வர் டம்ளர் இருட்டாகத் தெரிகிறது. பளபளப்பான உலோகம் தன் சூட்டை அவ்வளவாக வெளியே விடாதாம். இந்தக் கேமராவையே ஏமாற்றுகிற டம்ளர் நம்ம ஊர் டம்ளர்!

இத்தனை பாடும் எதற்கு என்றால், ஜன்னல் வழியே பாலக்காட்டுப் பக்கம் கை நீட்டுகிறார்கள். 2021 நவம்பரில் மதுக்கரை தாண்டி நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போனதை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் மதுக்கரைக் காட்டில் 12 கோபுரங்கள் நட்டு, தெர்மல் கேமராவும் சாதாரணக் கேமராவும் பொருத்தியது. கும்மிருட்டிலும் யானை லைனை நெருங்கினால் கணினி கண்டுகொள்ளும். வனத்துறைக்கும் ரயில்வேக்கும் சேதி பறக்கும். அங்கே நிற்கிற கேமராக்களும் இந்த மேஜையில் கிடப்பவற்றின் சாதிசனம்தான். கோடும் புள்ளியுமாகப் படம் வந்தால் யானை எது, பாறை எது? ஒன்றுமே இல்லாத பலகையைச் சுத்தமாகப் பார்க்கத் தெரிந்த கேமராதான் யானையைப் பார்க்கும்.

அந்தத் தடத்தில் ராத்திரி ரயிலில் எட்டிமடை தாண்டும்போது வண்டி திடீரென்று மெதுவானால் சலித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் பெரிய ஆள் யாராவது குடும்பத்தோடு லைன் தாண்டிக்கொண்டிருக்கலாம்!